தெரிந்தே செய்யும் பிழை

அரிஸ்ரோட்டில் தமது நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் ஆறாம் நூலில், கைத்திறனையும் ஒழுக்க விவேகத்தையும் வேறுபடுத்துமிடத்து, ஒரு கருத்தைப் போகிற போக்கிற் சொல்லிச் செல்கின்றார். கைத்திறனைப் பொறுத்தவரையில் தெரிந்தே பிழை செய்பவன் தெரியாமற் பிழை செய்பவனிலும் மேலானவன். ஒழுக்கத்தைப் பொறுத்தவரையிலோ தெரிந்தே பிழை செய்பவனே கீழானவன் என்பது அதன் சாரம். கரும்பலகையில் ஒரு சொல்லை வேண்டுமென்றே பிழையாக எழுதிக்காட்டும் ஆசிரியரை எவரும் எழுத்தறியாதவர் என்னார். வேண்டுமென்றே பொய்க்கணக்கு எழுதும் காரியதரிசியைக் கணக்கறிந்தவர் என்று மெச்சுவாரும் இலர். வேறுபாடு தெளிவானதாகவே தோன்றுகின்றது. ஆயின், கைத்திறனும் ஒழுக்கமும் ஒரே செயலில் வந்து கூடுமிடத்து, அதாவது ஒருவன் தெரிந்தே செய்யும் பிழை வேறொருவனது உடலிலோ வாழ்விலோ போய்த் தைக்குமிடத்து, அச்செயலை எக்கோல் கொண்டு அளப்பது?

இஃது ஏட்டளவில் எழும் வினா மட்டுமன்று. பொருள்களை வடிவமைக்கும் கலையைப் பயிலும் மாணவன் நாள்தோறும் தெரிந்தே பிழை செய்பவனாவான். ஒரு நாற்காலியையோ கோப்பையையோ அவன் நேரே செய்து முடித்துவிடுவதில்லை. மட்டையில் ஒன்று, களிமண்ணில் ஒன்று, பாரிசுச் சாந்தில் ஒன்று என மாதிரியுருக்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து, உடைத்து, மீண்டும் செய்கின்றான். முதலாவது உரு சரிவராது என்பது அதனைச் செய்யத் தொடங்கும்போதே அவனுக்குத் தெரியும். எங்கே, எவ்வாறு சரிவராது என்பதை அறிதற்காகவே அவன் அதனைச் செய்கின்றான்.

எண்ணிப் பார்த்த பின்னரே செயலில் இறங்கவேண்டும் என்று கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு இம்முறை சற்று உறுத்தலாகவே படும். திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம், செயலைத் தொடங்கியபின் ஆராய்ந்துகொள்ளலாம் என்னும் மனப்பாங்கைக் கடிந்துரைக்கின்றது. அவ்வாறாயின் மாதிரியுரு செய்பவன் எண்ணாது துணிபவனா? அன்று எனலாம். அவ்வதிகாரம் பொருட்பாலில், அரசியலில் வைக்கப்பட்டிருத்தல் நோக்கற்பாலது. அரசனது செயல் மீட்கவியலாதது; தொடங்கிய படையெடுப்பை உடைத்துப் போட்டுவிட்டு மறுநாட் காலையில் மீண்டும் செய்ய இயலாது. மட்டையாற் செய்த நாற்காலியை உடைக்கலாம். மீட்கத்தக்க செயல், மீட்கவியலாத செயல் என்னும் இவ்வேறுபாட்டை மறந்துவிட்டு முன்யோசனையின் பெருமையைப் பேசுவோர், கை செய்யும் யோசனையை யோசனையாகவே கணிப்பதில்லை.

கை யோசிக்கும் என்பது உருவகமன்று. ஜேர்மனியில் 1919 இல் வோல்ற்றர் குறோப்பியஸ் தொடக்கிய பௌஹவுஸ் கலைக்கூடத்தில், 1923 முதல் அறிமுக வகுப்பை நடத்தியவர்களுள் ஒருவரான ஜோசப் அல்பேர்ஸ், மாணவர் கையிற் கடதாசித் தாள்களைக் கொடுத்து, கூடியவரையில் எதனையும் வீணாக்காமல் அவற்றிலிருந்து ஏதேனும் ஆக்குமாறு பணித்தார். தாள் படுத்துக்கிடக்கும் பொருள். அதனை மடித்தால் எழுந்து நிற்கும். மடிப்பின் விளிம்பு தாளுக்கு இல்லாத வலிமையைத் தாளுக்குக் கொடுக்கும். இதனை ஒரு விரிவுரையிற் சில நிமிடங்களிற் சொல்லிவிடலாம். அவர் சொல்லவில்லை; மாணவர் தாளைக் கசக்கி, கிழித்து, விழவைத்துத் தாமே கண்டுகொள்ளவேண்டும் என்பது அவரது முறை. கில்பேட் றைல் 1949 இல் வெளியிட்ட நூலில் ஒன்றை அறிந்திருத்தல் வேறு, ஒன்றைச் செய்ய அறிந்திருத்தல் வேறு என்று விரித்துரைத்ததை, அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே ஒரு வகுப்பறை கடதாசியைக் கொண்டு நடத்திக் காட்டியது எனலாம்.

வரைபடம் ஊமை. பிரவுண் நிறுவனம் 1956 இல் வெளியிட்ட வானொலியும் இசைத்தட்டுக் கருவியும் ஒன்றாயமைந்த பெட்டியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. ஹான்ஸ் கூகலொற்றும் டீற்றர் றாம்சும் அதன் வடிவமைப்பாளர்கள். உலோக மூடி பொருத்தலாம் என்றிருந்தது. ஒலி எழுந்தபோது மூடி அதிர்ந்தது. ஒளி ஊடுருவும் அக்கிரிலிக் மூடிக்கு அவர்கள் மாறினர். பிற்காலத்தில் எத்தனையோ கருவிகளுக்கு முன்னோடியாகிய அக்கண்ணாடி போன்ற மூடி, அழகுணர்ச்சியில் மட்டும் பிறந்ததன்று, ஓர் அதிர்வுத் தொல்லையிலும் பிறந்தது. தாளில் வரைந்த மூடி ஒருபோதும் அதிர்ந்திராது.

இதுவரை கூறியன அறிவு பற்றியவை. ஒழுக்கம் பற்றிய சிக்கல் வேறிடத்திலே தொடங்குகின்றது. மாதிரியுரு ஒரு வாக்குறுதியுமாகும். 'இவ்வாறு ஒன்று வரப்போகிறது' என்று அது பார்ப்பவனிடஞ் சொல்கின்றது. சொல்வது மெய்யா என்னும் வினா உடன் எழுகின்றது.

பௌஹவுஸ் மாணவராகிய வில்ஹெல்ம் வாகன்பெல்ட், கார்ல் யூக்கருடன் சேர்ந்து ஆக்கிய மேசைவிளக்கு இன்றும் உலகறிந்த பொருள்களுள் ஒன்று. பால்நிறக் கண்ணாடிக் கவிகை, கண்ணாடித் தண்டு, உலோகப் பாகங்கள். இயந்திர யுகத்தின் இலக்கணமே உருப்பெற்றது போன்ற தோற்றம். 1924 இல் அவ்விளக்குகளை லைப்சிக் சந்தைக்குக் கொண்டுசென்றபோது வணிகரும் உற்பத்தியாளரும் நகைத்தனர் என வாகன்பெல்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இயந்திரத்தில் மலிவாகச் செய்தவைபோலத் தோன்றிய அவை, உண்மையிற் கையால் வருந்திச் செய்யப்பட்ட விலையுயர்ந்த பொருள்களாயிருந்தன. எளிமையை இவ்வளவு பாடுபட்டு நடிக்கவேண்டுமா என்று அவ்வணிகர் எண்ணியிருத்தல் கூடும்.

அந்த நகைப்பை வெறும் வணிகப் புத்தி என்று தள்ளிவிடுதல் நீதியன்று. தான் எதுவல்லவோ அதுவாகத் தோன்றும் பொருளை அவர்கள் இனங்கண்டுகொண்டனர். எனினும் அவ்விளக்கைப் பொய் எனத் துணிதலும் பொருந்தாது. வரவிருந்த உற்பத்திமுறையொன்றை, அது வருவதற்கு முன், இருந்த கைகளைக்கொண்டு சொல்ல முயன்ற கூற்று அது. எதிர்காலத்தைப் பற்றிய கூற்று நிகழ்காலத்தைப் பற்றிய கூற்றாக விற்கப்படும்போதே பொய்யாகின்றது. மாணவனது மேசைமேல் உள்ள வரையில் அவ்விளக்கு ஒரு கருதுகோள். சந்தையில் விலைச்சீட்டுடன் வைக்கப்பட்டபோது வேறொன்றாயிற்று. பொருள் மாறவில்லை, இடம் மாறியது. கரடுமுரடாகச் செய்த மட்டை உருவைக் கண்டால் எவரும் அஞ்சாது குறை சொல்வர். பூச்சுப் பூசி மினுக்கிய உருவின் முன் எளியவர் வாய் திறப்பதில்லை. முடியாத வேலையை முடிந்ததுபோல மினுக்கும் மாணவன் தன் பிழையைத் தானே கேட்கமுடியாதவாறு செய்துவிடுகின்றான் என்பதும் மனங்கொளத்தக்கது.

பிழையின் செலவை யார் ஏற்பது? ஜேம்ஸ் டைசன் பையில்லாத் தூசு உறிஞ்சி ஒன்றை ஆக்குதற்கு 1979 முதல் 1984 வரை 5127 மாதிரியுருக்கள் செய்தார் என்பது விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகப் பலமுறை கூறப்படுவது. அக்காலத்தில் அவருடைய மனைவி ஓவியம் கற்பித்துப் பெற்ற வருமானத்தில் அக்குடும்பம் ஓடியது என்பது அத்துணை அழுத்திக் கூறப்படுவதில்லை. 5126 பிழைகளுக்கு எவரோ உணவளித்திருக்கின்றனர். ஆயினும் அப்பிழைகள் ஒரு வீட்டின் எல்லைக்குள், அறிந்தும் இசைந்தும் ஏற்கப்பட்டவை. இசையாதவர்மேல், அறியவும் இயலாதவர்மேல் பிழை விழும்போதுதான் அரிஸ்ரோட்டிலின் கோடு அழியத் தொடங்குகின்றது.

அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில், ஏழை மக்களுக்கு எட்டும் விலையிற் பொருள்களை வடிவமைத்தல் பற்றிய பாடநெறியைப் பயின்ற மாணவர் சிலருக்கு 2007 இல் ஒரு பணி தரப்பட்டது: குறைமாதத்திற் பிறந்த குழந்தைகளைச் சூட்டில் வைத்துக் காக்கும் இன்கியுபேற்றரை மலிவாக்குதல். அவர்களுள் ஒருவர் நேபாளத்துக்குச் சென்று பார்த்தபோது, நகர மருத்துவமனையில் நன்கொடையாக வந்த இன்கியுபேற்றர்கள் வெறுமையாயிருந்தன. குழந்தைகள் கிராமங்களிற் பிறந்து, மருத்துவமனையை எட்டுமுன் இறந்துகொண்டிருந்தன. எனவே அவர்கள் பெட்டியை விடுத்து, குழந்தையைப் பொதியும் சிறு உறக்கப் பையொன்றை ஆக்கினர். சூடாக்கிய மெழுகு போன்ற பொருளொன்று அதனுள் வைக்கப்படும். அது மெல்ல உறைகையில் மின்சாரமின்றியே சில மணிநேரம் 37 பாகை வெப்பத்தை நிலைநிறுத்தும்.

அம்மாதிரியுருவில் வெப்பநிலையை எண்ணாற் காட்டும் பட்டி ஒன்றிருந்தது. இந்தியக் கிராமப்புறத்தில் ஒரு தாயிடம் அதனைக் காட்டி, 37 பாகையில் வைக்கவேண்டும் எனின் என்ன செய்வீர் என வினவியபோது, 30 பாகை அளவில் வைப்பேன் என்றார் அத்தாய். மேல்நாட்டு மருந்து வீரியம் மிக்கது. வைத்தியர் சொன்ன அளவிற் சற்றுக் குறைத்துக் கொடுப்பதே குழந்தைக்குப் பாதுகாப்பு என்பது அவ்வூரார் கருத்து. அன்பினாற் செய்யப்படும் அக்குறைப்பு குழந்தையைக் கொன்றிருக்கும்.

ஆய்வுகூடத்தில் எத்தனை நாள் வைத்துச் சோதித்திருந்தாலும் இப்பிழை வெளிப்பட்டிராது. பொருளில் எக்குறையும் இல்லை. குறை, பொருளுக்கும் தாயின் நியாயத்துக்கும் இடையில் இருந்தது. அத்தாயை அறியாமையுடையவள் என்று சொல்லிவிடுதல் எளிது. அவர் கூறியதோ அனுபவத்திற் பிறந்த எச்சரிக்கை; அந்நியர் தரும் மருந்தைப் பற்றி ஏழைகள் எச்சரிக்கையாயிருப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. பொருளைச் செய்பவனுக்குள்ளது நம்பிக்கை மட்டுமே, அதனைப் பயன்படுத்துபவனுக்கே அறிவு உண்டு. எனவே குழல் செய்பவன் குழலூதுபவனிடங் கேட்டறியவேண்டும் என்று பிளேட்டோ குடியரசின் பத்தாம் நூலிற் கூறுவது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆனால் இங்குப் பையைப் பயன்படுத்துவது யார்? கட்டுபவர் தாய், உள்ளே கிடப்பது குழந்தை. அதற்குச் சொல்ல வாயில்லை. பிளேட்டோவின் குழலூதுபவன் இங்கு இரண்டாகப் பிரிந்துவிடுகின்றான். ஒருவர் அறிவார், மற்றொருவர் அனுபவிப்பார்.

மாணவர் அவ்வினாவை, பை குழந்தையைச் சுற்றிய பின்னரன்று, முன்னரே கேட்டனர். அதனால் பிழை பேச்சளவில் நிகழ்ந்து பேச்சளவிலேயே பிடிபட்டது. மாதிரியுரு செய்தலின் ஒழுக்கம் இதிலேயே பெரிதும் தங்கியுள்ளது எனல் மிகையாகாது. பிழை செய்யாதிருத்தல் எவர்க்கும் இயலாது. பிழையைத் தாங்கக்கூடிய பொருளின்மேல், தாங்கக்கூடிய காலத்தில் அதனை நிகழவிடுதல் இயலும். கடதாசி தாங்கும், மட்டை தாங்கும், ஓர் உரையாடலுந் தாங்கும். 'எந்நிலையிலும் மனிதரிடத்துச் சோதித்தல் ஆகாது' என்பாரது கொள்கை தூய்மையானதாகத் தோன்றினும், கண்டறியப்படாத பிழையைத் தொழிற்சாலை வழியாகப் பல்லாயிரம் பேர்க்கு அனுப்பிவைப்பதிலேயே அது முடியும்.

பின்னர் அம்மாணவர் எண்ணை நீக்கினர். வெப்பம் சரியாயுள்ளதா இல்லையா என்பதை மட்டும் காட்டும் குறியொன்றை அவ்விடத்தில் வைத்தனர். இத்திருத்தத்தை நூல்கள் பாராட்டுகின்றன. பாராட்டத்தக்கதே. எனினும் இதனோடு வேறொன்றை ஒப்பிடத் தோன்றுகின்றது.

விக்ரர் பாப்பநெக் என்பார் ஜோர்ஜ் சீகர் என்னும் மாணவருடன் 1960 களில் ஒரு வானொலிப் பெட்டியை ஆக்கினார். வெற்றுத் தகரப்பேணி, மெழுகு, திரி. மெழுகு தீர்ந்தால் உலர்ந்த சாணமும் எரிபொருளாகும். செலவு 9 சதம். ஒரேயொரு வானொலி நிலையமே உள்ள நாடுகளுக்கென அது எண்ணப்பட்டது. ஜேர்மனியின் ஊல்ம் வடிவமைப்புக் கல்லூரியில் அதன் படங்களைக் காட்டியபோது அதன் அழகின்மையைப் பொறாது சிலர் எழுந்து சென்றனர் என்றும், சாம்பல் நிறம் பூசலாமே என்று யோசனை கூறப்பட்டது என்றும் 1971 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தமது நூலில் அவர் எழுதினார். அவர் பூச மறுத்தார். இந்தோனேசிய மக்கள் பேணியைச் சிப்பியாலும் கடதாசியாலும் தாமே அழகுசெய்தனர். அவ்வுரிமை தமக்குரியதன்று என்பது அவர் வாதம். உயர்ந்த வாதந்தான். ஆயினும் இச்சிக்கலைத் தம்மிடம் முதலிற் கொண்டுவந்தவர் அமெரிக்க இராணுவத்தின் பிரதிநிதி என்பதையும் அதே நூல் சொல்கின்றது. பேணியின் வெளிப்புறம் மக்களுடையது. ஒரேயொரு நிலையத்திலிருந்து உள்ளே வரும் குரல் எவருடையது என்பது பற்றிச் சிப்பி ஒட்டியவரிடம் கேட்கப்படவில்லை.

பாப்பநெக் சிறிய தீர்மானத்தை மக்களிடம் விட்டார். பெரியது முன்னரே செய்யப்பட்டிருந்தது. ஸ்ரான்போர்ட் மாணவர் தாயிடமிருந்து ஒரு தீர்மானத்தை எடுத்துக்கொண்டனர். 37 என்னும் எண் இருந்தவரையில் அத்தாய் அதனை வாசிக்கவும், ஐயுறவும், தம் அறிவுக்கேற்ப மாற்றவும் கூடியவராயிருந்தார். குறி ஒன்று மட்டும் இருக்கையில் அவர் கீழ்ப்படியலாம், அல்லது பையைக் கழற்றிவிடலாம். வாயற்ற குழந்தையின் பொருட்டு அது நியாயமே என்று கூறலாம். அதற்குமேற் கூறுதற்கு அத்தாயிடம் இரண்டாவது முறை சென்று, எண் எதற்காக நீக்கப்பட்டது என்பதைச் சொல்லிக் கேட்டிருத்தல் வேண்டும்.