நாலு பேரில் நாமும் ஒருவர்

மனித உரிமை பற்றி மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களில் அடிக்கடி வரும் கதை ஒன்று உண்டு. மகள் மேலே படிக்கவோ விரும்பியவரை மணக்கவோ ஆசைப்படுவாள். அப்பா நல்லவர்தான், ஆனால், 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்று பின்வாங்கிவிடுவார். கடைசியில் குற்றவாளி சமூகம் என்று படம் தீர்ப்புச் சொல்லும். அந்தச் சமூகத்துக்கோ முகமே இருக்காது. இத்தகைய படங்களுக்குத் தேசிய மனித உரிமை ஆணையம் 2015 முதல் போட்டி நடத்திவருகிறது. அம்பத்தூர், ஆவடிப் பக்கம் விஸ்காம் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்று படமெடுக்கக் கைபேசியே போதும். படம் எடுப்பதைவிடக் கடினமானது, அதற்குள் இருக்கும் அறக்கேள்வி: ஊருக்குப் பயந்து ஒருவர் இன்னொருவரின் உரிமையை மறுத்தால், பழி ஊருக்கா, அவருக்கா? ஊரின் அழுத்தம் அவர் செயலுக்குக் காரணமாகலாம், நியாயமாகாது என்பதே என் கட்சி.

இதே கேள்வி பூந்தமல்லிக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம். அங்கே வைசிய குலத்தில் பிறந்த திருக்கச்சி நம்பிகள், காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசித் தொண்டு செய்தவர். ராமாநுஜர் அவரைக் குருவாக மதித்து, அவர் உண்ட மிச்சத்தை உண்ண விரும்பி வீட்டுக்கு அழைத்தார். ராமாநுஜர் இல்லாத நேரத்தில் நம்பிகள் வந்து சாப்பிட்டுப் போனார். ராமாநுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் அந்த இலையைக் கோலால் தள்ளி எறிந்து, இடத்தை மெழுகி, குளித்துவிட்டு மறுபடி சமைத்தார் என்கின்றன குருபரம்பரைக் கதைகள். கேட்பவர்கள் வழக்கமாக அந்த அம்மையாரை ஏசிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவருக்கு நம்பிகள்மேல் பகை இல்லை. சோறு பரிமாறியவரே அவர்தான். தெருவின் ஆசாரம் அவரைக் கோலெடுக்க வைத்தது. ஆனாலும் கோல் இருந்தது அவர் கையில். அதே ஆசாரத்துக்குள் வளர்ந்த ராமாநுஜரால் வேறு விதமாக நடக்க முடிந்தது என்பதால், அழுத்தம் விதியல்ல என்பதும் தெளிவு.

ஊர் வாய் மூடியிருப்பதில்தான் அழுத்தத்தின் பலம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிச் சோதித்தார். உடனிருந்த எல்லோரும் ஒருமித்துத் தவறான விடை சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் மூன்றில் ஒரு பங்கு அவர்களையே பின்பற்றியது. ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் அந்தத் தவறு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. நம் ஊரிலும் இதைப் பார்த்தோம். 2023 மார்ச் 30 அன்று, பூந்தமல்லி நெடுஞ்சாலையிலுள்ள கோயம்பேடு ரோகிணி திரையரங்கில் 'பத்து தல' பார்க்க வந்த நரிக்குறவர் குடும்பத்தை, கையில் டிக்கெட் இருந்தும் உள்ளே விடவில்லை. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நிறைவேறி நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கிருந்தவர்கள் தட்டிக்கேட்டார்கள், காணொளி பரவியது, பிறகு குடும்பம் படம் பார்த்தது. யு/ஏ படம், சிறுவர்களை அனுமதிக்க முடியாது என்றது நிர்வாகம். பெற்றோர் துணையோடு பார்க்க அந்தச் சான்றிதழில் தடையில்லை.

சோற்றுக்கு வழியில்லாதவனிடம் போய் ஊரை எதிர்க்கச் சொல்வது கொடுமையல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆணவக் கொலைகள் நடக்கும் மண்ணில் எதிர்ப்பின் விலை உயிராகவும் இருக்கலாம். ஆகவே பொறுப்பையும் அவரவர் வலுவைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும். அறிஞராயிருந்த ராமாநுஜருக்கு இருந்த காப்பு அவர் மனைவிக்கு இல்லை. சொந்த வீடும் நிரந்தர வேலையும் உள்ளவருக்கு இருக்கும் காப்பு தினக்கூலிக்கு இல்லை. இதனால் பழியின் அளவு மாறுமே தவிர, வலுவுள்ளவர் எவரும் தப்பிவிட முடியாது. பத்து நிமிடக் குறும்படத்தால் சாதி ஒழியுமா என்றும் கேட்கலாம். ஒழியாது. ஆனால் ஊர் முழுக்க ஒரே கருத்து என்ற மயக்கத்தை அது கலைக்கும். ஆஷின் சோதனையில் அந்த ஒற்றைக் குரல் செய்ததும் இதைத்தான்.

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு, மனிதருக்குப் பகுத்தறிவும் மனச்சாட்சியும் உண்டு என்கிறது. மனச்சாட்சி ஊருக்குக் கிடையாது, ஆளுக்குத்தான் உண்டு. எனவே, மாணவர்களே, அடுத்த படத்தில் சமூகத்தைத் திட்டி முடிக்காதீர்கள். அந்த நாலு பேரையும் பெயரோடும் தொழிலோடும் திரைக்குக் கொண்டுவாருங்கள். பார்க்கிற நாங்கள் அதில் எங்களை அடையாளம் கண்டால் போதும்.