மண்டி

டொரோண்டோவுக்குத் திராட்சைப் பெட்டிகள் செப்டம்பர் நடுவில் வரத் தொடங்கும். இத்தாலியர்களும் போர்த்துக்கீசியர்களும் வாழும் தெருக்களில், கடை வாசல்களில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். பெட்டி ஒன்று 36 பவுண்டு, 16 கிலோவுக்குச் சற்று மேல். எல்லாம் கலிபோர்னியாவிலிருந்து குளிர் லாரியில் வந்தவை. வீட்டில் வைன் செய்ய இரண்டு பெட்டி ஜின்ஃபாண்டல், ஒரு பெட்டி அலிகான்டே என்பது பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர் சொல்லிக்கொடுத்த கணக்கு. 23 லிட்டர் கண்ணாடிக் குடுவை நிறைந்து, மேலே கொஞ்சம் மிஞ்சும்.

அலிகான்டே பழத்தைப் பிட்டால் சதையும் சிவப்பாக இருக்கும். மற்றக் கறுப்புத் திராட்சைகளில் பெரும்பாலும் தோலில் மட்டும்தான் நிறம், சாறு வெளுத்திருக்கும். இதன் தோலும் தடிப்பு, ரயில் பெட்டியில் நாள்கணக்கில் கிடந்தாலும் தாங்கும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, வீட்டில் பழச்சாறு செய்துகொள்ளச் சட்டம் இடம் விட்டது. சாறு என்ற பெயரில் என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கிழக்குக் கரை நகரங்களுக்கு ரயில் ரயிலாக அலிகான்டே போயிற்று. கலிபோர்னியாவில் மற்றக் கொடிகளின் மேல் இதை ஒட்டுக் கட்டியவர்கள் உண்டு. மதுவிலக்கால் திராட்சை விவசாயி பிழைத்த கதையை ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

*

காம்பு நீக்கிப் பிசைந்த பழம் வாளியில் கிடக்கிறது. ஈஸ்ட் தூவி ஒரு நாள் போனதும் தோலெல்லாம் மேலே ஏறி ஒரு தடித்த பாளமாகிறது. கீழிருந்து கிளம்பும் கரியமில வாயு அதைத் தூக்கிப் பிடிக்கிறது. காலை, மதியம், இரவு என்று மரத்துடுப்பால் அதை அமுக்கி உள்ளே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் தோல் காய்ந்து, பழ ஈ மொய்த்து, வினிகர் ஆகும். துடுப்பு இறங்கும்போது ஒரு பெருமூச்சு விட்டு நுரை பொங்கும். கை வைத்தால் வாளி வெதுவெதுப்பாக இருக்கும். ரொட்டி வாசனையும் பழ வாசனையும் சேர்ந்து மாடிப்படி வரை ஏறிவரும்.

இந்த ஒரு வாரம்தான் எனக்குப் பிடித்தது. குடிப்பதைவிட இது பிடிக்கும் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

அடர்த்திமானியைச் சாற்றில் மிதக்கவிட்டுப் பார்ப்பேன். தொடக்கத்தில் 1.095 அளவில் நிற்கும். சர்க்கரை குறையக் குறைய கோல் நாளுக்கு நாள் கீழே இறங்கும், 0.995 வந்தால் சர்க்கரை தீர்ந்தது. சாராயம் தண்ணீரைவிட லேசு என்பதால்தான் ஒன்றுக்கும் கீழே போகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீதச் சாராயமாக மாறும். இந்தக் கணக்கைப் பேஸ்மென்ட் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன், பார்க்காமலே தெரிந்தாலும்.

*

பிழிந்த தோலைப் பெரியவர் வீசவிடுவதில்லை. அதன்மேல் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி இரண்டாவது வைன் எடுப்பார். வெளுத்தது, உயிரில்லாதது. அவருடைய ஊரில் வேலையாட்களுக்கு அதைத்தான் கொடுப்பார்களாம். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் வீசாமல் இருப்பது பிடித்திருக்கிறது.

*

குடுவைக்கு மாற்றிய பிறகு காற்றுதான் எதிரி. வாளியில் இருந்தவரை ஈஸ்ட் பெருகுவதற்குக் காற்று வேண்டியிருந்தது, கிளறிக் கிளறிக் கொடுத்தோம். இனி ஒரு விரற்கடை காலியிடம்கூட ஆகாது. கழுத்துவரை நிரப்பி, மேலே ஏர்லாக்கைச் செருகி, அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது. 'புளுக், புளுக்' என்று அது பேசும். முதலில் ஓயாமல். பிறகு நிமிஷத்துக்கு ஒரு தடவை. பிறகு நாம் மறந்துபோன நேரத்தில் ஒன்று.

அக்டோபர் கடைசியில் சில சமயம் மறுபடி பேச ஆரம்பிக்கும். சர்க்கரை தீர்ந்த பிறகும் ஏன் என்றால், இது ஈஸ்ட் இல்லை, பாக்டீரியா. பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தைத் தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. வைனின் கூர்மை மழுங்குகிறது. நாம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, குளிர் தாக்காமல் பார்த்துக்கொள்வதைத் தவிர.

*

குடுவையின் அடியில் மண்டி படிகிறது. முதலில் விரல் பருமனுக்கு, செத்த ஈஸ்ட்டும் பழத்துணுக்குமாக, சாம்பல் கலந்த ஊதா நிறத்தில். இதன்மேல் வைனை அதிக நாள் விட்டால் அழுகல் வாடை ஏறும். குழாய் வைத்து, மண்டி கலங்காமல், மேலே உள்ளதை மட்டும் வேறு குடுவைக்கு இறக்க வேண்டும். பெஞ்சின் மேல் ஒன்று, தரையில் ஒன்று. வேலையைப் புவியீர்ப்பு செய்கிறது. நான் டார்ச் அடித்துக்கொண்டு குழாய் நுனியையே பார்த்திருப்பேன். மண்டி ஓர் இழை எழும்பியதும் குழாயை எடுத்துவிட வேண்டும். அப்போது அடியில் கொஞ்சம் நல்ல வைனும் போகும். போகட்டும்.

கிறிஸ்துமஸுக்கு முன் இன்னொரு தடவை. இப்போது படிந்திருப்பது மெல்லிய மாவு மாதிரி, இதனால் கெடுதல் இல்லை.

வெள்ளை வைன் செய்தால் இது போதாது, கண்ணுக்குத் தெரியாத புரதம் மிதந்து மங்கலடிக்கும். பென்டோனைட் என்ற களிமண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். அது புரதத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். சிவகங்கைப் பக்கத்தில் ஊருணித் தண்ணீர் கொண்டுவந்தால் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டு ஊற்றுவார்கள், காலையில் தெளிந்திருக்கும். தெளியவைக்க இன்னொன்றைக் கலக்க வேண்டியிருப்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

*

ஜனவரியில் குடுவையைக் கராஜுக்குத் தூக்கி வைப்பேன். வெளியே வைத்தால் உறைந்து குடுவை வெடிக்கும். கராஜில் சுழியத்தை ஒட்டி நிற்கும். இரண்டு வாரத்தில் அடியிலும் சுவரிலும் படிகங்கள் ஒட்டியிருக்கும். டார்ச் வெளிச்சத்தில் ஊதாவாக மினுங்கும். குளிரில் வைனால் கரைத்து வைத்திருக்க முடியாத உப்பு அது, பொட்டாசியம் பைடார்ட்ரேட். இப்படிக் குளிரவைக்காமல் பாட்டிலில் அடைத்தால், குளிர்பெட்டியில் வைத்த பிறகு பாட்டிலுக்குள் படியும். வாங்கியவர்கள் கண்ணாடித்தூள் என்று பயப்படுவார்கள்.

ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்தேன். தெரிந்த புளிப்பு. டார்டாரிக் அமிலம் திராட்சையில் நிறைய உண்டு, புளியம்பழத்திலும் நிறைய உண்டு. இந்த இரண்டு அளவுக்கு மற்றப் பழங்களில் அது கிடைப்பதில்லை. புளி போட்டுப் பித்தளை துலக்குகிறோமே, அந்த வேலையை இந்தப் படிகமும் செய்யும். குடுவையில் சுரண்டியதை உப்போடு சேர்த்துக் குத்துவிளக்கில் தேய்த்தேன், பளிச்சென்று வந்தது. ரசத்துக்கு ஆகுமா என்று மனைவி கேட்டாள். அதற்கு மட்டும் மனசு வரவில்லை.

இந்தப் படிகத்தின் உறவுக்காரன் ஒருவனை வைத்துக்கொண்டுதான் 1848-இல் லூயி பாஸ்டர் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது 25. வைன் மண்டியிலிருந்து டார்டாரிக் அமிலம் எடுக்கும்போது கூடவே இன்னோர் அமிலமும் கிடைத்தது. கூறுகள் ஒன்றே, ஆனால் முதலாவது ஒளியின் தளத்தைத் திருப்பும், இரண்டாவது திருப்பாது. பாஸ்டர் அந்த இரண்டாவதன் உப்பைப் படிகமாக்கி உருப்பெருக்கியில் பார்த்தார். படிகங்கள் இரண்டு ஜாதியாக இருந்தன, வலது கையும் இடது கையும் போல. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கினார். ஒரு குவியல் ஒளியை வலப்பக்கம் திருப்பியது, மற்றது இடப்பக்கம். 74 வயது இயற்பியலாளர் பியோ இதை நம்பாமல், தன் கண் முன்னால் மறுபடி செய்து காட்டச் சொன்னார். செய்து காட்டினார்.

அந்த உப்பு சுமார் 27 டிகிரிக்குக் கீழே மட்டும்தான் அப்படித் தனித்தனியாகப் படியும். பாரிஸின் குளிர் கைகொடுத்தது. சென்னை மே மாதத்தில் உட்கார்ந்திருந்தால் இடுக்கிக்கு வேலை இருந்திருக்காது.

வைன் நொதிப்பதற்கு உயிரிகளே காரணம் என்று அவர் எழுதியது பிறகுதான். அதைத்தான் எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. எனக்கென்னவோ, படிகத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்த பாஸ்டரைத்தான் பிடிக்கிறது. பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து மண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர்.

*

புது வைனை நவம்பர் 11, சான் மார்த்தினோ நாளில் சுவை பார்ப்பது இத்தாலிய வழக்கம். பெரியவர் அன்று சின்னக் கிளாஸோடு வந்து நிற்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், கலங்கலாக இருக்கும். ஒரு வாய் குடித்துவிட்டு, "வேகமாக ஓடுகிறாய்" என்பார். எனக்கு அவர் சொல்வது பாதிதான் புரியும். அவருக்கும் என் ஆங்கிலம் அப்படித்தான். இளவேனிலில் பாட்டிலில் அடைத்த பிறகு மறுபடி கேட்பேன். தோளைக் குலுக்கி, "குடிக்கலாம்" என்பார். கூடுதலாக இதுவரை எதையும் அவரிடமிருந்து வாங்க முடியவில்லை.

23 லிட்டருக்கு 30 பாட்டில் வரும். பாதிக்கு மேல் பரிசாகப் போய்விடும். தமிழ் நண்பர்களில் சிலர் வாங்கிக்கொண்டு, "சும்மா ருசி பார்க்கத்தான்" என்று தாங்களாகவே விளக்கம் சொல்வார்கள். சிலர் செரிமானத்துக்கு நல்லதாமே என்பார்கள். நல்லதோ என்னவோ, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன். பாதிதான் திரும்பி வருகிறது. அதிலும் சிலவற்றில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருந்த வாடை.