வேண்டுதலை மாறியாக்க முடியுமா?

நாடெங்கும் தேவாலயங்களில் மன்னரின் நீண்ட ஆயுளுக்காக வேண்டினார்கள். ஆனால் வசதி படைத்த பிற வகுப்பினரைவிட அரச குடும்பத்தார்தான் சீக்கிரம் இறந்தார்கள். 1872இல் பிரான்சிஸ் கால்டன் இங்கிலாந்தில் வெளியிட்ட கணக்கு இது. வேண்டுதலுக்குப் பலன் தெரியவில்லை என்றார் அவர். அரச வாழ்க்கையே ஆயுளைக் குறைத்திருந்தால்? அந்தச் சாத்தியத்தைக் குறிப்பிட்டுவிட்டு, மிகவும் ஐயத்துக்குரியது என்று ஒதுக்கிவிட்டார். இப்படி ஊடே புகுந்து முடிவைக் கலைப்பதைத்தான் புள்ளியியலில் குழப்பும் மாறி என்கிறார்கள்.

இந்தக் குறையைப் போக்க முயன்றது ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முன்பின் அறியாத கிறிஸ்தவக் குழுவினர் 14 நாள் செய்த வேண்டுதல் இங்கே சாரா மாறி, அதாவது ஆய்வாளர் மாற்றிப் பார்ப்பது. 30 நாளுக்குள் தோன்றும் சிக்கல்கள் சார்ந்த மாறி, அதாவது விளைவாக அளக்கப்படுவது. வேண்டுதலின் வாசகம்கூட ஒன்றாகவே வைக்கப்பட்டது.

தமக்காக வேண்டுகிறார்களா இல்லையா என்பது தெரியாத இரு குழுக்களில் வேண்டப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும், வேண்டப்படாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல் வந்தது. நிச்சயம் வேண்டுகிறார்கள் என்று தெரிந்திருந்த மூன்றாவது குழுவிலோ 59 சதவீதம். அங்கே புதிதாக நுழைந்த மாறி அந்தத் தகவல்தான். பிறர் ஜெபிக்கும் அளவுக்கு நம் நிலைமை மோசமோ என்ற பதற்றம் காரணமாக இருக்கலாம்.

ஆனால் சாரா மாறி என்பது ஆய்வாளர் கைக்கு அடங்கியதாக இருக்க வேண்டும். நோயாளியின் மனைவி, பிள்ளைகள், அவர் போகும் தேவாலயத்தார் வேண்டுவதை யாரும் தடுக்கவில்லை, தடுப்பது தகாது. வேண்டுதலே இல்லாத குழு என்று ஒன்று அங்கே இருக்கவில்லை. அந்நியர்களின் கூடுதல் வேண்டுதல் மட்டுமே அளக்கப்பட்டது. அதை மருந்தைப் போல அளவிட்டுக் கொடுத்தார்கள். கடவுளுக்கென ஒரு விருப்பம் உண்டு என நம்புகிறவருக்கு, வேண்டினால் விளைவு வந்தே தீர வேண்டும் என்ற கணக்கே பொருந்தாது. கர்த்தரைச் சோதிக்காதே என்பது பைபிளின் கட்டளையும்கூட.

இந்த வாதம் வலுவானது. ஆனால் அதை நேர்மையோடு கையாள வேண்டும். ராண்டால்ஃப் பேர்ட், சான் பிரான்சிஸ்கோவில் 393 இதய நோயாளிகளிடம் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வில் வேண்டப்பட்டவர்கள் சற்று நலமாக இருந்தார்கள். அந்த எண்களை வேண்டுதலுக்குச் சான்றாகக் காட்டியவர், 2006இன் எண்களுக்கு மட்டும் ‘கடவுளை அளக்க முடியாது’ என்று பதில் சொல்ல முடியாது.