இடைவழியில் ஓர் இரவு

உத்ஸவ காலங்களில் எம்பெருமானை ஸேவிக்க எழுந்தருளும் பாகவதர்களுள் பெரும்பாலோர் ரெயிலில் வருகிறவர்களே. வரும்போதே திரும்பிச் செல்வதற்கான டிக்கெட்டையும் கையோடு கொண்டு வருகிறார்கள். அந்தச் சிறு சீட்டைப் பற்றித் தர்ம விசாரம் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். தீர்த்தமும் சடாரியும் பெற்றுக்கொண்ட ஓர் அன்பர், சற்று ஒதுங்கி நின்று ஒரு கேள்வி கேட்கும் வரையில் அடியேனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

அவர் சென்னைவாசி. நாகர்கோவிலுக்குப் போகவும் வரவும் சேர்த்தே டிக்கெட் எடுத்துச் சென்று, திருவண்பரிசாரமும் திருவட்டாறும் ஸேவித்தார். திரும்பும் வழியில் வண்டி ஸ்ரீரங்கத்தில் நின்றது. ராஜகோபுரத்தைக் கண்டதும் மனம் கேட்கவில்லை, இறங்கிவிட்டார். இரவு தங்கி, விடியற்காலையில் விச்வரூப ஸேவை கண்டு, அதே டிக்கெட்டுடன் வேறொரு வண்டியில் ஏறிச் சென்னை சேர்ந்தார். வழியில் பரிசோதகர் எவரும் கேட்கவில்லை. "பெருமாளுக்காகத்தானே இறங்கினேன்? இதில் தோஷம் உண்டா, ஸ்வாமி?" என்றார்.

"பெருமாள் க்ஷமிப்பார், கவலை வேண்டா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. அடியேன் மனம் மலரவில்லை. அன்று சொன்ன விடை தவறு. அதைத் திருத்திக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலில் விதியைப் பார்ப்போம். 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட் வைத்திருப்பவர் இடையில் இறங்கித் தங்க ரெயில்வே அநுமதிக்கிறது. ஆனால் புறப்பட்ட இடத்திலிருந்து 500 கிலோமீட்டர் கடந்த பிறகே இறங்கலாம். இறங்கும் நாளும் மீண்டும் ஏறும் நாளும் நீங்கலாக இரண்டு நாள் வரை தங்கலாம். இறங்கிய ஸ்டேஷனில் டிக்கெட்டைக் காட்டிக் குறிப்பு எழுதி வாங்கவேண்டும். முன்பதிவு செய்பவர், எங்கே இறங்கித் தங்கப்போகிறோம் என்பதை விண்ணப்பத்திலேயே தெரிவிக்கவேண்டும். நாகர்கோவிலிலிருந்து ஸ்ரீரங்கம் 500 கிலோமீட்டருக்குக் குறைவு. விழுப்புரமோ அதற்கு மேல். ஆகவே முறைப்படி தெரிவித்து விழுப்புரத்தில் இறங்கி, முதலாழ்வார்கள் மூவரும் ஓரிரவு இடைகழியில் ஒதுங்கிய திருக்கோவலூரை ஸேவித்து வர அவருக்கு வழி இருந்தது. ஸ்ரீரங்கத்தில் அவர் இறங்கியது குற்றமன்று. பயணம் அங்கேயே முடிந்துவிட்ட சீட்டைக் கொண்டு மறுபடி ஏறியதே குற்றம்.

"யாருக்கு என்ன நஷ்டம்? ஒரே தூரத்தைத்தானே ஒரு முறை கடந்தேன்?" என்று கேட்கலாம். முந்தைய நாள் அவர் விட்டுச் சென்ற இடம் காலியாக ஓடியிருக்கலாம். மறுநாள் அவர் அமர்ந்த இடம் வேறொருவருக்கு உரியதாக இருந்திருக்கலாம். அது இல்லையென்றே வைத்துக்கொள்வோம். பிறர் கொடாததை எடாமையே அஸ்தேயம். உடையவனுக்கு நஷ்டமில்லை என்பதால், கொடாதது கொடுத்ததாகிவிடாது.

"திருமங்கையாழ்வார் வழிப்பறி செய்தல்லவோ கைங்கர்யம் செய்தார்?" என்று கேட்பாரும் உண்டு. ஆழ்வார் சரித்திரம் நாம் அநுஸந்திப்பதற்கு, அநுஷ்டிப்பதற்கு அன்று. மேலும் அவர் கொண்டது பெருமாளுக்குச் சென்றது. டிக்கெட்டில் மிச்சப்பட்டது யாருடைய பையில் தங்கியது? நம்முடைய பையில் அல்லவா? ஸேவையின் பலனும் நமக்கு, பணமும் நமக்கு. பழியை மட்டும் அரங்கன் மேல் சுமத்துவது பக்தியாகுமா?

இவ்விஷயத்தில் ஸ்ரீமத் ராமாயணம் நமக்கு இரண்டு பயணங்களைக் காட்டுகிறது. இலங்கைக்குப் பாய்ந்து சென்ற திருவடியை மைநாக பர்வதம் இளைப்பாற அழைத்தது. இடையில் தங்குவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்த அவர், அன்புக்கு அடையாளமாகக் கையால் மலையைத் தொட்டுவிட்டு மேலே சென்றார். அழைப்பு அன்பானது என்பதால் வாக்கு தளரவில்லை.

மற்றொன்று பெருமாளே மேற்கொண்ட திரும்பு பயணம். பதினான்கு ஆண்டுகள் நிறைந்த அன்று பரத்வாஜ மஹர்ஷியின் ஆச்ரமத்தில் இறங்கினார். இன்றிரவு தங்கி நாளை அயோத்திக்குப் போகலாம் என்று மஹர்ஷி வேண்ட, அதற்கு இசைந்தார். அங்கே நந்திக்ராமத்தில், குறித்த காலம் கடந்தும் அண்ணன் வாராவிடில் அக்னிப் பிரவேசம் செய்வதென்று உறுதிகொண்டு பரதாழ்வான் காத்திருந்தான். அதை நினைந்து பெருமாள் திருவடியை முன்னே அனுப்பித் தம் வரவைத் தெரிவித்தார். வழியில் தங்குவது தவறன்று. தங்குவதால் யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறோமோ அவருக்குத் தெரிவிக்காமல் தங்குவதே தவறு. சக்கரவர்த்தித் திருமகனே தெரிவித்துவிட்டுத் தங்கினான் என்றால், ஸ்டேஷன் மாஸ்டரிடம் சீட்டை நீட்டுவதில் நமக்கு என்ன குறைவு?

அந்த அன்பர் இம்மலரைக் காண்பாராகில் அடியேனின் விண்ணப்பம் இது. ஸ்ரீரங்கத்திலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட் வாங்கி, அதில் பயணம் செய்யாமல் விட்டுவிடுங்கள். கடன் தீர்ந்துவிடும். அடுத்த முறை ஸ்ரீரங்கம் வரையில் ஒரு டிக்கெட்டும், அங்கிருந்து மற்றொன்றும் எடுங்கள். நீண்ட தூரத்துக்கு ஒரே டிக்கெட் எடுப்பதைவிட இது சற்று அதிகமாகும். அந்த அதிகப்படியே உண்டியலில் சேராத காணிக்கை. அதையும் அரங்கன் அறிவான்.

தவறான விடை சொன்ன அடியேனையும் அவன் க்ஷமிப்பானாக. உத்ஸவம் ஸேவித்து ஊர் திரும்பும் பாகவதர்கள் அனைவரும் க்ஷேமமாக இல்லம் சேர அவன் திருவடிகளைப் பிரார்த்திக்கிறேன்.