பதினான்கு வினாடியும் ஆறு நாளும்

 

தைப்பூச இதழுக்கு "தொழில்நுட்பமும் பக்தியும்" என்று ஒரு சொற்பொழிவு மாதிரி எழுதித் தரச் சொன்னார்கள். பொறியியல் படிக்கிற பையன், ஏதாவது நல்லதாகச் சொல்வான் என்று நினைத்திருப்பார்கள். நான் சொல்லப்போவது என் பிழை ஒன்றை. அதற்குள் ஒரு நாயனார் வருவார், அரசாங்கமும் கொஞ்சம் வரும்.

2024 ஜனவரி 2-ஆம் தேதி அரசாங்கம் 'பாடு' என்ற தரவுத்தளத்தைத் தொடக்கியது ஞாபகம் இருக்கும். முதன்மைத் தரவுத்தளம் என்பதன் மலாய்ச் சுருக்கம்தான் அது. ஆனால் தமிழ்க் காதுக்கு 'நம்ம பாடு' என்றுதானே விழுகிறது! மார்ச் 31-க்குள் ஐசி எண், சம்பளம், குடும்பம் எல்லாம் பதிய வேண்டும், இல்லாவிட்டால் உதவித்தொகை கைவிட்டுப் போகலாம் என்று பேச்சு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் விடவில்லை.

"அப்பா, 2010-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. அந்தச் சட்டம் மத்திய அரசையும் மாநில அரசையும் கட்டுப்படுத்தாது. சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கு. பூட்டு நமக்கு, சாவி அவங்களுக்கு. தெரியுமா உங்களுக்கு?"

அப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஒரு பாடத்தில் தெரிந்தது. ஆனால் பிறந்ததிலிருந்தே தெரிந்தவன் போலப் பேசினேன். போதாததற்குத் தண்ணீர்மலையையும் சாட்சிக்கு இழுத்தேன். நம் கோயில் முதலில் அருவிப் பக்கத்தில்தான் இருந்தது. நகரத்துக்குக் குடிநீர் எடுக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு அருவியை எடுத்துக்கொண்டது. முருகன் இடம் மாறி, 1915-இல் இப்போதைய குன்றுக்கு வந்தார். "பார்த்தீங்களா, அதிகாரம் கேட்டா சாமியே எழுந்து நடக்கணும்" என்றேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றாமலேயே, "அந்தத் தண்ணியத்தான்டா உன் பாட்டனும் குடிச்சாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கோவிட் நேரத்துல ரொட்டிக் கடைக்குப் போனாக்கூட மைசெஜாத்ராவுல ஸ்கேன் பண்ணியே, அப்ப எங்க போச்சு உன் சட்டம்?" என்று கேட்டார். பதில் இல்லை. இருந்தாலும் அன்று நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

அந்தத் தளத்தில் ஓட்டை இருந்ததும் உண்மைதான். வேறொருவருடைய ஐசி எண்ணை வைத்துக்கொண்டு யாரும் பதியலாம் என்று தொடங்கிய சில நாட்களிலேயே சுட்டிக்காட்டினார்கள், பிறகு சரிசெய்தார்கள். ஆகவே நான் பேசியதில் தப்பில்லை. பேசிய ஆள்தான் தப்பு.

மூன்று வாரம் கழித்து, ஜனவரி 25, தைப்பூசம்.

தண்ணீர்மலைக்கு வந்தவர்களுக்குப் படிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 513 படி. பால்குடத்தோடு ஏறும்போது முதல் நூறு சுலபம், அப்புறம் முருகன் பார்த்துக்கொள்வார். நான் அந்த வருடம் குடம் எடுக்கவில்லை. பரீட்சை, அது இது என்று ஒரு சாக்கு. வெறும் கையோடு, அதாவது ஹென்ட்போனோடு, ஏறினேன். பாதி வழியில் ஒரு அம்மாவுக்கு அருள் வந்தது. குடம் தலையில் அப்படியே இருக்கிறது, ஒரு சொட்டு சிந்தவில்லை. முடி அவிழ்ந்துவிட்டது. நாக்கு வெளியே வந்தது. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. உறவுக்காரப் பெண் ஒருத்தர் குடத்தைத் தாங்கினார். இன்னொருவர் திருநீறு பூசினார். முன்பின் தெரியாத ஒரு சீன அங்கிள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் படம் பிடித்தேன். பதினான்கு வினாடி.

கெட்ட எண்ணம் இல்லை. எனக்கு மெய்சிலிர்த்தது. அதைத்தான் எழுதி, வேல் படம் ஒன்றும் போட்டு டிக்டாக்கில் ஏற்றினேன். ராத்திரிக்குள் அதை யாரோ எடுத்து, சினிமாவில் பேய் வரும்போது போடுகிற இசையைச் சேர்த்துவிட்டார்கள். அதிலிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து இன்னொருவர். சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தன. சில கருத்துகளை இங்கே எழுத முடியாது. எழுதியவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்கு நாள் கழித்து ஒரு செய்தி வந்தது. "அண்ணா, அந்த வீடியோவுல இருக்கிறது எங்கம்மா."

அந்தத் தம்பிக்குப் பதினாறு வயது இருக்கும். திட்டவில்லை. அவன் அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஓய்வு நேரத்தில் கேன்டீனில் ஒருத்தர் போனை நீட்டி, "அக்கா, இது நீங்களா?" என்று கேட்டிருக்கிறார். சுற்றி இருந்தவர்கள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அருள் வரும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று அந்த அம்மா அதுவரை பார்த்ததே இல்லை. கேன்டீனில்தான் முதல்முறை பார்த்தார்.

1972-இலிருந்து அந்த வட்டாரத்தில் சிப்பு செய்கிறார்கள். அந்த அம்மாவின் கை பட்ட ஏதோ ஒன்று என் போனுக்குள்ளேயே இருந்தாலும் இருக்கும்.

நான் என் பதிவை அழித்தேன். மற்றவர்கள் எடுத்த பிரதிகளை அழிக்க எனக்கு வழி இல்லை. சிலருக்கு எழுதினேன். ஒருவர் அழித்தார், ஒருவர் சிரிப்புப் படம் அனுப்பினார், மற்றவர்கள் பதிலே போடவில்லை. அந்த அம்மா அடுத்த வருடம் மலைக்கு வரவில்லை. தம்பியிடம் கேட்டேன். "வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றான். பல வருட நேர்த்தி அது.

இப்போது அந்தச் சட்டத்துக்குத் திரும்பலாம். பாடத்துக்கு ஒப்படைப்பு எழுதுவதற்காக அதே சட்டத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை 45-ஆம் பிரிவு வரை படித்தேன். தனிமனிதர் ஒருவர் தன் சொந்த, குடும்ப, வீட்டு விவகாரத்துக்காக மட்டும் தரவைக் கையாண்டால் அவருக்கு விலக்கு. பொழுதுபோக்கும் அதில் அடக்கம் என்று எழுதியிருக்கிறது. அரசாங்கத்துக்கு ஒரு விலக்கு, பொழுதுபோக்குக்குப் படம் பிடிக்கிறவனுக்கு ஒரு விலக்கு. சமையலறையில் நான் யாரைத் திட்டினேனோ, அவர் பக்கத்து நாற்காலியில் நானே உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான்.

கண்ணப்பர் கதை எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு ஆளை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. சிவகோசரியார். காளத்தி மலையில் முறையாகப் பூசை செய்கிறவர். நல்ல மனிதர். ஒருநாள் வந்து பார்த்தால் சுவாமிக்கு முன்னால் இறைச்சியும் எலும்பும் கிடக்கிறது. துடித்துப்போகிறார். கழுவி, சுத்தம் செய்து, பரிகாரம் செய்து, மறுபடி பூசை செய்துவிட்டுப் போகிறார். மறுநாளும் அதேதான். திண்ணனார் வேட்டையாடிய இறைச்சியைத் தானே சுவைத்துப் பார்த்து, நல்லதைத் தேர்ந்து படைக்கிறார். வாயில் கொண்டுவந்த நீரைத் திருமஞ்சனமாக உமிழ்கிறார். தலையில் செருகிவந்த பூவைச் சாத்துகிறார்.

சிவகோசரியார் கையில் ஒரு போன் இருந்திருந்தால்? முதல் நாளே படம் எடுத்திருப்பார். எலும்பு, இறைச்சி, பக்கத்தில் லிங்கம். "எந்தப் பாவி செய்த வேலை இது? எல்லாருக்கும் பகிருங்கள்." படத்தில் பொய் எதுவும் இருந்திருக்காது. சாயங்காலத்துக்குள் நாமும் பகிர்ந்திருப்போம், நமக்கும் கோபம் வந்திருக்கும். திண்ணனார் பெயரும் ஊரும் ராத்திரிக்குள் வெளியே வந்திருக்கும். நாயனார் ஒருவர் நமக்குக் குறைந்திருப்பார்.

சுவாமி செய்தது வேறு. கனவில் வந்து, அவன் செய்வதெல்லாம் அன்புதான், நீ நாளைக்கு மறைந்திருந்து பார் என்று சொல்கிறார். நன்றாகக் கவனியுங்கள், மறைந்திருந்து பார் என்று சொன்னது சாமியேதான். வேவு பார்க்கிற வேலை மாதிரித்தான் தெரிகிறது! நாங்கள் பொறியியல் பிள்ளைகள் இதைக் கேட்டால் முதல் சிசிடிவி காளத்தியில்தான் என்று கிண்டல் அடிப்போம். நானே அடித்திருக்கிறேன்.

ஆனால் அது ஆறாம் நாள். ஐந்து நாள் கழுவித் துடைத்து, ஐந்து நாள் மனம் நொந்த பிறகு அவர் மறைந்து நிற்கிறார். சுவாமியின் கண்ணில் ரத்தம் வழிகிறது. திண்ணனார் பதறிப்போய்ப் பச்சிலை தேடி ஓடுகிறார். அதுவும் நிற்காமல் போகவே, அம்பால் தன் கண்ணைத் தோண்டி அப்புகிறார். மறு கண்ணிலும் ரத்தம். அடையாளத்துக்குத் தன் காலை அங்கே ஊன்றிக்கொண்டு, மிஞ்சிய கண்ணிலும் அம்பை வைக்கிறார். நில்லு கண்ணப்ப என்று சுவாமி தடுக்கிறார். இதையெல்லாம் சிவகோசரியார் ஒளிந்திருந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். குற்றவாளி என்று நினைத்த ஆளை அவர் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

எனக்கு இதில் உறைப்பது, சுவாமி அவருக்கு முதல் நாள் காட்சியை மட்டும் காட்டி அனுப்பிவிடவில்லை என்பது. முழுவதையும் பார்க்க வைத்தார். நான் அந்த அம்மாவின் பல வருட நேர்த்தியிலிருந்து பதினான்கு வினாடியை வெட்டி எடுத்தேன். அவர் எதற்காக வேண்டிக்கொண்டார், எத்தனை நாள் விரதம், வீட்டில் என்ன, ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நின்றவர்கள் ஒருவர் குடத்தைத் தாங்கினார்கள், ஒருவர் திருநீறு பூசினார்கள் என்று சொன்னேனே, அவர்களும் பார்த்தவர்கள்தான். என் இரண்டு கையும் போனில் இருந்தது.

படமே எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 2021 தைப்பூசம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தபோது எங்கள் பாட்டி மடிக்கணினிக்கு முன்னால்தான் சூடம் காட்டினார். திரை கறுத்துவிடும் என்று அம்மா தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தார். அந்தத் திரை இல்லாவிட்டால் அந்த வருடம் பாட்டிக்குத் தைப்பூசமே இல்லை.

அரசாங்கக் கேமரா விஷயத்திலும் அப்படித்தான் கொஞ்சம் குழம்பிப் போயிருக்கிறேன். 2019-இலேயே பினாங்கில் முகத்தை அடையாளம் காணும் கேமராக்களை அறிமுகப்படுத்தினார்கள். திருடனைப் பிடிக்க என்றார்கள், பிடிக்கட்டும். அந்த முகங்களை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் பார்ப்பார்கள் என்று கேட்பதும் நம் வேலைதான். பெரியவர்கள் நமக்கு அதிகாரத்துக்குப் பணியத்தான் கற்றுக்கொடுத்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். தேவாரம் பாடிய அப்பர் பல்லவ மன்னன் அழைத்தபோது போகமாட்டேன் என்றவர். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் இப்போதெல்லாம் நான் கேட்க வாயைத் திறந்தால் எனக்கே என் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

இன்னொன்று. என் இறுதியாண்டுத் திட்டப்பணி என்ன தெரியுமா? கூட்டத்தை எண்ணும் கேமரா! படிகளில் நெரிசல் வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது நோக்கம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு மாதிரியை எடுத்துச் சோதித்தேன். கோகோ என்கிற படத்தொகுப்பில் பழகியது அது, 80 வகைப் பொருள்களை அடையாளம் காணும். அதற்குப் பனிச்சறுக்குப் பலகை தெரியும், குடை தெரியும், பட்டம் தெரியும். வேல் தெரியாது. மயில்காவடி எடுத்த ஒருவரைக் காட்டினேன். குடை என்றது. அடியில் இருந்த மனிதரை எண்ணவே இல்லை. மேற்பார்வையாளர் சிரித்தார். பிறகு, "படத்தை எத்தனை நாள் சேமித்து வைப்பீர்கள்?" என்று கேட்டார். நான் அதைப் பற்றி யோசித்திருக்கவே இல்லை. அரசாங்கத்தை நான் கேட்ட அதே கேள்வி. இப்போது எண்ணிக்கை மட்டும் இருக்கும்படி, படம் உடனே அழியும்படி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். மதிப்பெண் குறையலாம் என்று நண்பன் சொல்கிறான். பார்ப்போம்.

வரும் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை, தைப்பூசம். நம் இளைஞர்கள் தண்ணீர்ப் பந்தலில் நிற்பார்கள். மோர், சிராப், சாப்பாடு எல்லாம் வழக்கம்போல. கூடுதலாக ஒன்று கேட்டேன், செயலவையில் ஒத்துக்கொண்டார்கள். பந்தலில் நான்கு மொழியிலும் ஓர் அட்டை வைக்கிறோம்: அருள் வந்தவரைப் படம் எடுக்க வேண்டாம், தாங்கிப் பிடிக்க ஆள் தேவைப்பட்டால் எங்களைக் கூப்பிடுங்கள். படிகளில் ஆறு பேர் முறை வைத்து நிற்கிறோம், திருநீறும் எலுமிச்சையும் ஒரு துண்டும் வைத்துக்கொண்டு. போன் பந்தலிலேயே இருக்கும். இன்னும் இரண்டு பேர் தேவை. விடியற்காலை நான்கு மணிக்கு எழ முடிந்தவர்கள் என்னிடம் சொல்லுங்கள்.

இந்த ஏற்பாட்டைப் பற்றி அந்தத் தம்பிக்குப் போன வாரம் எழுதினேன். அம்மா இந்த வருடம் குடம் எடுப்பதாக இருந்தால், நான் முன்னால் நடந்து வழிவிடச் சொல்லிக்கொண்டே வருகிறேன், அம்மாவுக்குச் சம்மதமா என்று கேட்டுச் சொல் என்றேன்.

"கேட்டுட்டுச் சொல்றேன்ணா" என்று பதில் போட்டிருக்கிறான்.