பச்சைக் குழாய், சிவப்புக் குழாய்

பங்களாதேஷ் கிராமங்களில் அடிபம்பின் வாயில் பச்சை பூசியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம். சிவப்பு என்றால் துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம், அவ்வளவுதான். 2000-க்கும் 2003-க்கும் இடையே சுமார் 50 லட்சம் குழாய்க்கிணறுகளைச் சோதித்து இப்படி வண்ணம் அடித்தார்கள். ஏறத்தாழ 14 லட்சம் கிணறுகள் சிவப்பாயின. காரணம் ஆர்சனிக்.

அந்தக் கிணறுகள் எதற்காக வந்தன என்று நினைத்தால் மனம் கனக்கிறது. குளத்து நீரைக் குடித்து, வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் பிள்ளைகள் மடிந்துகொண்டிருந்த நாடு அது. 1970-களில் யூனிசெஃப்பும் அரசும் சேர்ந்து ஊர் ஊராகக் குழாய் இறக்கின. பிறகு மக்களே கைக்காசு போட்டு இறக்கிக்கொண்டார்கள். கிருமி இல்லாத, தெளிந்த தண்ணீர் வந்தது. கிருமிக்கு அஞ்சி எடுத்த அந்த நீரில் ஆர்சனிக் உண்டா என்று அப்போது யாரும் சோதிக்கவில்லை.

நஞ்சு எந்த ஆலையிலிருந்தும் வந்ததல்ல. இமயத்திலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் சுமந்துவந்து படியவைத்த வண்டலில், இரும்பைப் பற்றிக்கொண்டு கிடந்தது. மண்ணுக்குள் மக்கும் பொருளை நுண்ணுயிர்கள் தின்று ஆக்சிஜன் தீர்ந்துபோன இடங்களில் இரும்பு கரைகிறது. ஆர்சனிக்கும் நீரில் இறங்கிவிடுகிறது. நிறம், மணம், ருசி எதுவும் மாறாது. காய்ச்சினாலும் போகாது, நீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும். ஒரு வீட்டுக் கிணற்றில் அபாய அளவில் இருப்பது, கூப்பிடு தூரத்துக் கிணற்றில் இல்லாமலும் இருக்கலாம். அதனால் ஊருக்கு ஒன்றைச் சோதித்து மற்றவற்றை ஊகிக்க வழியில்லை.

உடல் காட்டிக்கொடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். முதலில் மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்ததுபோலப் புள்ளிகள். பிறகு உள்ளங்கையும் உள்ளங்காலும் காய்த்துத் தடிக்கும். பின்னாளில் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை எனப் புற்றுநோய். தொழுநோய் என்று நினைத்து ஊர் ஒதுக்கியது. பெண்களின் திருமணங்கள் நின்றுபோயின. 1983-இல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா, மேற்கு வங்க நோயாளிகளிடம் இது ஆர்சனிக்கின் பாதிப்பு என்று கண்டுபிடித்தார். ஆறுகளும் வண்டலும் எல்லைக்கு அப்பாலும் அவையேதான். ஆனாலும் பங்களாதேஷ் கிணற்றில் ஆர்சனிக் உறுதியானது 1993-இல்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் அங்கே குழாய்க்கிணற்று நீரை ஆராய்ந்து, பல தனிமங்களை அளந்து அறிக்கை கொடுத்தது. ஆர்சனிக் அந்தப் பட்டியலில் இல்லை. பாதிக்கப்பட்டவர் தரப்பு லண்டன் வரை வழக்காடியது. அந்த மக்களிடம் நிறுவனத்துக்குச் சட்டப்படியான பொறுப்பு இல்லை என்று 2006-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் எதைச் சோதிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாத ஆய்வறிக்கையைப் படிப்பவர், தண்ணீர் நல்லது என்றே எடுத்துக்கொள்வார். சோதிப்பவருக்கு அந்தக் கடமை உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

சோதனை கடினமானதும் அல்ல. பாட்டிலில் எடுத்த கிணற்று நீரில் அமிலமும் துத்தநாகத் தூளும் இட்டு மூடினால் ஆர்சனிக் வாயுவாக மேலேறும். மூடியிலுள்ள பாதரச புரோமைடு காகிதம் மஞ்சளாகி, அளவு கூடினால் பழுப்பாகும். வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். அரைமணி நேர வேலை. ஓரளவு பழகியவர் எவரும் செய்யலாம். டாக்காவுக்கு அருகே அராய்ஹஜாரில், தங்கள் கிணறு கெட்டது என்று தெரிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேறு கிணற்றுக்கு மாறினார்கள். சுத்திகரிப்பு எந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அண்டை வீட்டார் குடம் நிரப்ப இடம் கொடுத்தார்கள்.

ஆனால் பச்சைக்கும் ஒரு வரம்பு உண்டு. லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரை பங்களாதேஷ் அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1993 முதல் சொல்லும் அளவு 10. வண்ணமோ வெயிலிலும் மழையிலும் உரிந்துவிடும். 2003-க்குப் பிறகு இறக்கிய லட்சக்கணக்கான கிணறுகளில் பல சோதனையையே கண்டதில்லை. 150 மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் நல்ல நீர் உண்டு. ஆனால் அரசு போட்ட ஆழ்கிணறுகளில் பல, அரசியல்வாதிகளுக்கு வேண்டியவர்களின் வீட்டருகே போய்ச் சேர்ந்ததை 2016-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்தது. குழாய் இறக்கும் மிஸ்திரியின் கையில் அந்தச் சோதனைப் பெட்டியைக் கொடுத்து, காகிதத்தின் நிறத்தை வீட்டுக்காரரிடம் காட்டிய பிறகே கூலி என்று விதி செய்ய எந்த அரசாலும் முடியும்.