குடுமியும் கருவாடும்

1914 மார்ச்சில் நெவாசா கப்பலில் ஏறுவதற்கு முன்பு கணித மேதை ராமானுஜனின் குடுமி எடுக்கப்பட்டது. அந்தக் கோலத்தை அவர்கள் பார்க்க வேண்டாமென்று தாயும் மனைவியும் முன்பே கும்பகோணத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். திருவல்லிக்கேணியில் குடியிருந்தவர் கோட்டும் காலருமாகக் கேம்பிரிட்ஜ் போனார். ஆனால் சாப்பாட்டில் விட்டுக்கொடுக்கவில்லை. போர்க்காலத் தட்டுப்பாட்டிலும் அறையில் தாமே சமைத்துக்கொண்டார். குடுமியை இழந்ததில் வருத்தம் இருந்திருக்கும், ஆனால் அதில் பொய் எதுவும் இல்லை. தோற்றத்தை மாற்றிக்கொள்வதும் தன்னை மறைப்பதும் ஒன்றல்ல.

பாரதி எதையும் மறைக்காதவர். குடுமியை எடுத்தார், மீசை வைத்தார், புதுச்சேரியில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டுவைத்தார். பின்னாளில் திருவல்லிக்கேணியின் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் வாழ்ந்தபோதும் அப்படியே இருந்தார். அதைப் போற்றத்தான் வேண்டும். ஆனால் கடையத்தில் உறவுகள் ஒதுக்கியபோது, அந்த ஏச்சையும் பேச்சையும் அன்றாடம் தாங்கியவர் மனைவி செல்லம்மா. ஒருவருடைய நேர்மைக்கு வீட்டிலுள்ள இன்னொருவர் விலை கொடுக்கிறார் என்பதை நாம் சரியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை.

இன்று அதே திருவல்லிக்கேணியில் வீடு தேடுகிறவர்களிடம், "நீங்க வெஜ்ஜா?" என்று கேட்கிறார்கள். பல சமயம் அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வியே அல்ல. சாதியையும் மதத்தையும் தெரிந்துகொள்ளும் குறுக்குவழி. "வெஜ்தான்" என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்த குடும்பம், ஜாம்பஜாரில் வாங்கிய கருவாட்டைக் காய்கறிக்கு அடியில் வைத்துக் கொண்டுவருகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வறுக்கிறது. வீட்டுக்காரம்மா கேட்டால் சாம்பார் என்று சொல்லப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

அது பொய்தான். ஆனாலும், "நீ நீயாக இரு" என்று அந்தக் குடும்பத்துக்கு உபதேசம் செய்ய யாருக்கும் உரிமையில்லை. சாமான்களோடு தெருவில் நிற்கப்போவது உபதேசிப்பவர் அல்லவே. அந்தப் பொய்யில் பெரும்பங்கு கேள்வி கேட்டவருடையது. என் வீடு, என் ஆசாரம் என்பார். தன் அடுப்பில் என்ன வேக வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கலாம். வாடகை வாங்கிய வீட்டின் அடுப்பு அவருடையதல்ல.

பெரியவர்கள் வெளியே சொன்ன பொய்யை மனசுக்குள் விடாமல் சமாளித்துவிடுவார்கள். பிள்ளைக்கு அது தெரியாது. கருவாடு ஏதோ தப்பான பொருள், அதைத் தின்கிற நாமும் அப்படித்தான் என்று அது எடுத்துக்கொள்ளும். எந்த வீட்டுக்காரரும் அந்தப் பிள்ளைக்கு இதைச் செய்யக்கூடாது.